சிகரட்டைப் படிப்படியாகக் குறைத்துக் காசு சேர்ப்பது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் நான் கணக்கெழுதும் வேலை பார்க்கிறேன். நாளொன்றுக்கு எட்டுச் சிகரட் என்று பல ஆண்டுகள் புகைத்து, பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டவன் என்பதால், கடையில் வேலை செய்யும் தம்பிமாரும் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டைச் சுற்றியிருப்பவர்களும் அதைப் பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றிலும் தனிச் சிகரட் ஒன்றின் விலையை 150 ரூபா என்று வைத்திருக்கிறேன். நீங்கள் கொடுக்கும் விலை வேறென்றால் அந்த எண்ணை மட்டும் மாற்றிப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

நாளுக்கு ஒன்றிரண்டு குறைப்பதால் அப்படி என்ன பெரிய தொகை மிஞ்சிவிடப் போகிறது?

நாளொன்றுக்கு ஒரேயொரு சிகரட்டைக் குறைத்தால் ஆண்டு முடிவில் 54,750 ரூபா மிஞ்சும். எட்டுப் புகைப்பவர் நாளுக்கு 1,200 ரூபாவும், முப்பது நாள் மாதத்துக்கு 36,000 ரூபாவும், ஆண்டுக்கு 4,38,000 ரூபாவும் செலவிடுகிறார். கடைக்காரரிடம் நூறும் இருநூறுமாக நீட்டும்போது கையில் தெரியாத தொகை இது. வாடகையையோ பிள்ளையின் பாடசாலை வான் கூலியையோ மொத்தமாக எண்ணிக் கொடுக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சிகரட்டுக்குப் போகும் காசு அப்படி ஒருநாளும் ஒன்றாகச் சேர்ந்து நம் கண்முன் வந்து நிற்பதில்லை.

வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் குறைத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். முதல் வாரம் நாளுக்கு ஏழு, இரண்டாம் வாரம் ஆறு என்று இறங்கி, எட்டாம் வாரத்தில் ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வருகிறீர்கள். முதல் வாரத்தில் மிஞ்சுவது 1,050 ரூபா, இரண்டாம் வாரத்தில் 2,100 ரூபா, எட்டாம் வாரத்தில் 8,400 ரூபா. எட்டு வாரங்களுக்கும் சேர்த்து 37,800 ரூபா. முதல் இரண்டு வாரங்களில் மிஞ்சும் காசு சிறிதாக இருப்பதைப் பார்த்து மனம் சலிக்கத் தேவையில்லை, ஏனென்றால் இந்தக் கணக்கில் பெரும்பகுதி கடைசி வாரங்களில்தான் வருகிறது.

சிகரட்டோடு கூடவே போகும் செலவுகளையும் எழுதிப் பாருங்கள். இரண்டு சிகரட்டுக்கு ஒரு பிளேன்ரீ, அதோடு சில வேளை ஒரு ரோல்ஸ், வாய் நாற்றம் போக ஒரு டொபி, மாதத்துக்கு ஒன்றிரண்டு லைற்றர் என்று அவை நீளும். தேநீர் 60 ரூபா, நாளுக்கு நான்கு என்று வைத்தாலே மாதத்துக்கு 7,200 ரூபா ஆகிவிடுகிறது. என் கொப்பியில் இந்தப் பத்தியை எழுதிக் கூட்டியபோதுதான் எனக்கு முதன்முதலில் வெட்கம் வந்தது.

நான் ஏற்கெனவே பாதியாகக் குறைத்துவிட்டேன். ஆனால் கையில் ஒரு சதமும் மிஞ்சவில்லையே, ஏன்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பெரும்பாலும் இரண்டு காரணங்களைக் காண்கிறேன்.

ஒன்று, விலை. ஒரு சிகரட்டை 75 ரூபாவுக்கு வாங்கிய காலத்தில் எட்டுப் புகைத்தவர் நாளுக்கு 600 ரூபா கொடுத்தார். அதே மனிதர் இன்று 150 ரூபாப்படி நான்கு புகைத்தாலும் கொடுப்பது 600 ரூபாதான். தாம் பாதியாகக் குறைத்துவிட்டதாக அவர் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் அவருடைய பணப்பையைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் பலர் இப்படித்தான் குறைத்தார்கள். விலை அவர்களைக் குறைக்க வைத்தது, குறைத்ததன் பலனையும் விலையே எடுத்துக்கொண்டது. புகையிலை வரி ஏற ஏற விலையும் ஏறும் என்பதால், எண்ணிக்கையை ஓரிடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பவருக்குச் சேமிப்பு என்று ஒன்று நிலைக்காது.

மற்றது, மிஞ்சிய காசை எவரும் எடுத்து வைக்காமல் விடுவது. வாங்காத சிகரட்டின் 150 ரூபா சட்டைப்பையிலேயே கிடந்தால், மாலையில் ஓட்டோவுக்கோ டேற்றா கார்ட்டுக்கோ அது போய்விடும். புகைக்காமல் விட்டது உண்மை, சேர்க்காமல் விட்டதும் உண்மை. அன்றன்று மிஞ்சியதை அன்றைக்கே வேறிடத்துக்கு மாற்றாதவர், காசைப் பொறுத்தவரை குறைக்கவே இல்லை என்று நான் கடுமையாகச் சொல்வதுண்டு.

எப்படித் தொடங்குவது?

முதல் ஏழு நாட்களுக்கு எதையும் குறைக்காதீர்கள். ஒரு சிறிய கொப்பியிலோ கையடக்கத் தொலைபேசியிலோ ஒவ்வொரு சிகரட்டையும் நேரம், இடம், கூட இருந்தவர், கொடுத்த காசு என்ற நான்கு விவரங்களுடன் எழுதுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தாலும், நண்பர் நீட்டினாலும், பாதியில் அணைத்து மறுபடி பற்றவைத்தாலும் எழுதுங்கள். எட்டு என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்குப் பத்து அல்லது பதினொன்று வருவது வழக்கம். உண்மையான எண் தெரியாமல் அதிலிருந்து கழிக்க முடியாது.

எந்தச் சிகரட்டை முதலில் விட வேண்டும்?

எது மிகச் சுலபமோ அதை. காலையில் எழுந்தவுடன் புகைப்பதையே முதலில் வெல்ல வேண்டும் என்று வீரம் பேசித் தொடங்கிய பலர் மூன்றாம் நாளே கைவிட்டிருக்கிறார்கள். இரவு முழுவதும் நிகொட்டின் இறங்கியிருக்கும் உடல் காலையில்தான் அதிகமாகக் கேட்கும். இரத்தத்தில் நிகொட்டினின் அளவு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகிவிடுவதால், ஏழு மணித்தியாலம் உறங்கி எழுபவருக்கு அதில் சொற்பமே எஞ்சியிருக்கும். எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் முதல் சிகரட் வேண்டும் என்றால் உங்கள் பழக்கம் ஆழமானது என்று வைத்தியர்கள் கணிப்பதும் இதனால்தான்.

கொப்பியைப் புரட்டிப் பார்த்தால், உடல் கேட்காமல் கை மட்டும் கேட்ட சிகரட்டுகள் தெரியவரும். பஸ் வரவில்லை என்று தரிப்பிடத்தில் பற்றவைத்தது, வங்கி வரிசையிலிருந்து வெளியே வந்ததும் புகைத்தது, கடையில் சரக்கு இறங்கும்வரை லொறியின் அருகே நின்று புகைத்தது, இன்னொருவர் எடுத்ததால் தானும் எடுத்தது போன்றவை அவை. அவற்றை முதல் மூன்று வாரங்களில் விடலாம். சாப்பாட்டுக்குப் பின் வருவதையும் தேநீரோடு வருவதையும் நடுவில் எடுத்துக்கொள்ளுங்கள். காலைச் சிகரட்டை ஒரே நாளில் விடாமல், எழுந்து அரை மணித்தியாலம், பின் ஒரு மணித்தியாலம், பின் காலைச் சாப்பாடு முடியும்வரை என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் விடுங்கள்.

என் அனுபவத்தில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது காலைச் சிகரட் அல்ல, மாலை ஆறு மணிக்குக் கடையடைத்து ஐந்தாம் குறுக்குத் தெரு முனையில் நின்று புகைத்ததுதான். அன்றைய வேலை முடிந்தது என்பதற்கு அதுவே எனக்கு அடையாளமாக இருந்தது. அந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவதையே இரண்டு மாதம் நிறுத்தி, ஆமர் வீதிப் பக்கமாகச் சுற்றி நடந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அந்தச் சுற்று எனக்கு உதவியது.

ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா? எது சரி?

நேர்மையாகச் சொன்னால், ஒரேயடியாக நிறுத்துவது சற்று மேல் என்று காட்டும் ஆய்வு இருக்கிறது. பிரித்தானியாவில் ஏறக்குறைய 700 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதத்தினர் நான்கு வாரங்களுக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரங்களில் குறைத்து நிறுத்தியவர்களில் அந்தத் தொகை 39 சதவீதமாக இருந்தது. ஆறு மாதங்களின் பின் அது முறையே 22 சதவீதமும் 15.5 சதவீதமுமாக இறங்கியது. இரு சாராருக்கும் நிகொட்டின் மாற்று மருந்தும் ஆலோசனையும் கொடுக்கப்பட்டிருந்தன. எனினும் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான மீளாய்வு, முழுதாக நிறுத்துவதில் இரண்டு வழிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். இன்றைக்கே நிறுத்திவிட முடியும் என்று தோன்றினால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நிறுத்துங்கள், உங்களுக்கு இது தேவையில்லை. பல முறை அப்படி முயன்று மீண்டும் புகைக்கத் தொடங்கியவர்களுக்கும், நிறுத்துவது என்ற சொல்லைக் கேட்டாலே பயந்து எதையும் தொடங்காமல் இருப்பவர்களுக்கும் குறைத்துக்கொண்டு போவது ஒரு வழி. ஆனால் அதற்கு முடிவு நாள் ஒன்று இருக்க வேண்டும். நாட்காட்டியில் வட்டமிடாத குறைப்பு, மாதக் கணக்கில் நான்கு சிகரட்டிலேயே தங்கிவிடும்.

நான்கோடு நிறுத்திக்கொண்டால் போதாதா? பாதிக் காசு மிஞ்சுகிறதே.

நாளுக்கு நான்கு என்றால் ஆண்டுக்கு இன்னும் 2,19,000 ரூபா போய்க்கொண்டுதான் இருக்கிறது. முன்பு சொன்னதுபோல, அடுத்த விலை உயர்வில் அது மேலும் கூடும்.

உடலைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதியாகக் குறைத்தால் ஆபத்தும் பாதியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எண்ணிக்கை குறையும்போது, தெரிந்தோ தெரியாமலோ, இருக்கும் சிகரட்டை இன்னும் ஆழமாக இழுத்து, நுனிவரை புகைத்துவிடுகிறோம். அதனால் உடலுக்குள் போகும் நச்சு எண்ணிக்கையின் அளவுக்குக் குறைவதில்லை. இதய நோயில் நிலைமை இன்னும் மோசம். நாளுக்கு இருபது புகைப்பவருக்கு இருக்கும் மேலதிக ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்று மட்டும் புகைப்பவருக்கும் இருக்கிறது என்று 2018இல் வெளியான பெரிய மீளாய்வொன்று கண்டது. அதாவது கடைசி ஒன்றிரண்டு சிகரட்டுகளே உடலுக்கு மிக விலை கூடியவை. முழுதாக விட்டவருக்கோ, ஓராண்டில் மேலதிக இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

தனித்தனியாக வாங்குவது நல்லதா, பெட்டியாக வாங்குவது நல்லதா?

குறைக்கும் காலத்தில் தனித்தனியாக. பெட்டி சட்டைப்பையில் இருந்தால் கை தானாகப் போகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தனிச் சிகரட் வாங்கும் பெட்டிக்கடை உங்கள் வேலையிடத்தின் வாசலிலேயே இருந்தால் இந்த வழியால் பயனில்லை. அப்படிப்பட்டவர்கள் அன்றைய எண்ணிக்கையைக் காலையிலேயே வாங்கி, ஒரு பழைய தகர டப்பாவில் போட்டுக்கொண்டு, பிறகு கடைக்குப் போகாமல் இருப்பதே மேல்.

எந்த வழியானாலும் கடன் கொப்பியில் எழுதி வாங்க வேண்டாம். மாத முடிவில் கடைக்காரர் கூட்டிச் சொல்லும் தொகையில் பணிஸும் பாலும் சிகரட்டும் ஒன்றாகக் கலந்திருக்கும், எது எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை என் கணக்கில் மூன்று பெட்டி கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. நானே வாங்கி மறந்தேனா, அவர் பிழையாக எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விலை குறைந்த சிகரட்டுக்கோ பீடிக்கோ மாறினால் காசு மிஞ்சும்தானே?

சில வாரங்களுக்கு மிஞ்சும். விலை குறைந்ததும் எண்ணிக்கை மெல்ல ஏறும், அதுதான் வழக்கம். பீடி சிறியது, இயற்கையான இலையில் சுற்றியது, ஆகவே தீங்கு குறைந்தது என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் பீடி அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால், அதிலிருந்து தாரும் காபன் மொனொக்சைட்டும் சிகரட்டைவிடக் குறையாமல், பெரும்பாலும் கூடுதலாகவே உள்ளே போகின்றன.

தீர்வை செலுத்தாமல் கொண்டுவரப்பட்டு மறைவாக விற்கப்படும் வெளிநாட்டுச் சிகரட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அது சட்டவிரோதமானது. எச்சரிக்கைப் படம் இல்லாத பெட்டி பார்க்க அழகாக இருப்பதால் உள்ளே இருப்பது மாறிவிடுவதில்லை. இலங்கையில் 2015 முதல் சிகரட் பெட்டியின் மேற்பரப்பில் 80 சதவீதத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை நிரப்ப வேண்டும் என்பது விதி.

ஈ-சிகரட்?

வேண்டாம். கருவிக்கே முதலில் ஒரு தொகை, பிறகு திரவத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை என்று செலவு புது வடிவில் தொடரும். நான் பார்த்தவரை இங்கே பலர் சிகரட்டை விடாமல் இரண்டையும் சேர்த்தே புகைக்கிறார்கள்.

மிஞ்சும் காசை எங்கே வைப்பது?

முதலில் ஒரு கேள்வி: வீட்டில் நகை ஏதும் அடகில் இருக்கிறதா? இருந்தால் வேறு எங்கும் வைக்க வேண்டாம். அடகுக் கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி, சேமிப்புக் கணக்கில் உங்களுக்குக் கிடைக்கும் வட்டியைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். ஒரு பக்கத்தில் சேர்த்துக்கொண்டு மறுபக்கத்தில் கூடிய வட்டி கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பதற்கு ஒப்பானது. மாதம் பத்தாயிரம் மிஞ்சினால் அதைக் கொண்டுபோய் அடகுக் கணக்கில் கட்டுங்கள், நகை வீட்டுக்கு வரட்டும். கடனட்டை நிலுவை உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

கடன் இல்லாதவர்கள் இரண்டு படியாகச் செய்யலாம். நாளாந்தம் மிஞ்சியதை உண்டியலில் போடுங்கள். திறக்க முடியாத, உடைத்தால்தான் எடுக்கக்கூடிய மண் உண்டியல் நல்லது. வாரக் கடைசியில் எண்ண முடியவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை, எண்ணிக்கைதான் கொப்பியில் இருக்கிறதே. தொலைபேசி வழியாக வங்கி வேலை பார்ப்பவர்கள், அட்டை எடுக்காத தனிச் சேமிப்புக் கணக்கொன்றைத் திறந்து, ஒவ்வொரு இரவும் அன்றைய தொகையை மாற்றிவிடலாம். 150 ரூபாவை மாற்றுவதற்கு வெட்கப்பட வேண்டாம், ஆனால் மாற்றுவதற்குக் கட்டணம் அறவிடப்படுகிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அறவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒரு நல்ல தொகை சேர்ந்ததும் நிலையான வைப்பில் போடலாம்.

சீட்டுக் கட்டலாமா என்று பெண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். சீட்டில் ஒரு நன்மை உண்டு: மாதம் பிறந்தால் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயம். கணவர் புகைத்து முடித்துவிட்டுக் காசில்லை என்று சொல்ல முடியாது. ஆபத்தும் அதேயளவு உண்டு, பிடிப்பவர் ஓடிவிட்டால் கேட்க ஆளில்லை. ஒரே வீதியில் பல ஆண்டுகளாக இருப்பவரிடம், சிறிய தொகைக்கு மட்டும் என்றால் நான் மறுக்க மாட்டேன்.

சேரும் காசுக்கு ஒரு பெயரும் வேண்டும். சேமிப்பு என்பது பெயரல்ல. மகளின் பத்தாம் வகுப்பு ரியூஷன், அம்மாவின் கண் சத்திரசிகிச்சை, நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் செலவு என்று ஒன்றைச் சொல்லி உண்டியலில் எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதிய காசை எடுத்துச் சிகரட் வாங்குவதற்குக் கை கூசும்.

நான் வாங்காவிட்டாலும் நண்பர்கள் நீட்டுகிறார்கள். ஓசிச் சிகரட்டால் எனக்கு என்ன நட்டம்?

ஓசியில் வந்தது ஓசியில் முடிவதில்லை. இன்று மூன்று வாங்கிப் புகைத்தவர் நாளை முழுப் பெட்டி வாங்கி எல்லோருக்கும் நீட்ட வேண்டிவரும், இல்லாவிட்டால் கஞ்சன் என்ற பெயர் வரும். கொப்பியில் ஓசியையும் 150 ரூபா என்றே எழுதுங்கள், சில நாளில் அந்தக் கடன் திரும்பி வருவதைக் காண்பீர்கள்.

மறுப்பதற்கு வைத்தியரைச் சாட்டுவது எங்கள் ஊரில் நன்றாக வேலை செய்கிறது. “நெஞ்சு கொஞ்சம் சரியில்லை அண்ணே, டொக்டர் வேண்டாம் என்றிட்டார்” என்று சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை. காசு சேர்க்கிறேன் என்று சொன்னால்தான் கேலி செய்கிறார்கள்.

விரத காலத்தில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் விரதமிருப்பவர் புகையைத் தொடுவதில்லை, எட்டுப் புகைத்தவருக்கு அது 49,200 ரூபா. ரமழானில் பகல் முழுவதும் புகைக்காமல் இருக்கும் முஸ்லிம் நண்பர்களையும், தபசு காலத்தில் விட்டுவிட்டுக் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நேர்த்தி வைப்பவர்களையும் நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். முடியாது என்று சொல்லும் அதே மனிதர்கள் அந்த நாட்களில் முடித்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் மாலை கழற்றும் நாளும் பெருநாளும் ஈஸ்டரும் ஆபத்தான நாட்கள். அதுவரை பொறுத்ததற்குக் கூலி போல ஒன்றைப் பற்றவைப்பார்கள், ஒரு வாரத்தில் பழைய கணக்குக்குத் திரும்பிவிடும். விரதம் முடிவதற்கு முன்பே, அதுவரை புகைக்காமல் மிஞ்சிய தொகையை எண்ணி எடுத்து வைத்தவர்கள் அப்படித் திரும்புவதைக் குறைவாகவே கண்டிருக்கிறேன். நோன்பு காலத்தில் இன்னொரு எச்சரிக்கை: பகலில் விட்டதை நோன்பு திறந்த பிறகு இரவில் ஈடுசெய்துவிட்டால் குறைந்ததென்று ஒன்றும் இராது. இரவுக்கும் எண்ணிக்கை வேண்டும்.

குறைக்கும்போது கோபம் வருகிறது, உறக்கமில்லை. இது எவ்வளவு நாள்?

எரிச்சல், அமைதியின்மை, கவனம் சிதறுதல், பசி கூடுதல் ஆகியவை பொதுவானவை. முழுதாக நிறுத்தியவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். படிப்படியாகக் குறைப்பவர்களுக்கு ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். புகைக்க வேண்டும் என்ற உந்துதல் ஒவ்வொன்றும் சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் குடித்து, முகம் கழுவி, ஒரு தெரு நடந்து வந்தால் அது போய்விடும்.

உறக்கமின்மைக்குத் தேநீர்மீதும் ஒரு கண் வைக்க வேண்டும். சிகரட் புகை, உடல் கஃபீனைக் கரைத்து வெளியேற்றும் வேகத்தைக் கூட்டிவிடுகிறது. புகைப்பதை விட்டதும் அந்த வேகம் குறைவதால், அதே ஐந்து கோப்பைத் தேநீர் இப்போது முன்னரைவிட அதிகமாக வேலை செய்து படபடப்பைத் தரும். அதைச் சிகரட் இல்லாத ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் உண்டு. தேநீரையும் பாதியாக்கிப் பாருங்கள், அந்தக் காசும் மிச்சம்.

இழுப்புக்குத் தியோபிலின் எடுப்பவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள், இன்சுலின் போடுபவர்கள் ஆகியோர் சிகரட்டைக் குறைக்கப் போவதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இவற்றுள் சிலவற்றின் அளவை மாற்ற வேண்டிவரலாம். தேசிய புகையிலை மற்றும் மதுசாரம் மீதான அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

புகைக்கும் ஏக்கம் தணிய மெல்லும் நிகொட்டின் கோந்து வாங்கினால் அதுவும் செலவுதானே?

செலவுதான், ஆனால் முடிவுள்ள செலவு. சில மாதங்களில் அதையும் குறைத்து நிறுத்திவிடுவீர்கள். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் வருகிறது. எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் புகைப்பவர்களுக்கே பொதுவாகக் கூடிய அளவு பரிந்துரைக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே இதை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. வாங்கும்முன் இரண்டு மூன்று மருந்தகங்களில் விலை கேட்டு, ஒரு நாளைக்குத் தேவைப்படுவதை ஒரு நாள் சிகரட் செலவுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சுவிங்கம் போல ஓயாமல் மென்றால் வயிற்றைப் பிரட்டும். சிறிது மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, பிறகு மீண்டும் மெல்ல வேண்டும்.

என் கணவர்தான் புகைக்கிறார். நான் கொப்பியை வாங்கிக் கணக்கெழுதலாமா?

நீங்கள் எழுதினால் அது கணக்காக இருக்காது, விசாரணையாகிவிடும். அவர் மறைக்கத் தொடங்குவார், மறைத்த எண்ணில் மிச்சம் பார்க்க முடியாது. கொப்பி அவரிடம் இருக்கட்டும், உண்டியல் உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொரு இரவும் அவரே கொண்டுவந்து போட வேண்டும். ஒருநாள் வெறுங்கையோடு வந்தால் அன்றைக்கு ஒன்றும் கேட்காதீர்கள். என் மனைவி செய்தது இவ்வளவுதான், ஆனால் அந்த மௌனத்தைத் தாங்குவது லேசான காரியமாக இருக்கவில்லை.

கல்யாண வீட்டிலோ செத்த வீட்டிலோ ஒருநாள் பத்தும் புகைத்துவிட்டேன். இனி என்ன செய்வது?

அன்றைக்கு எத்தனை என்று எழுதுங்கள், 1,500 ரூபா என்று பக்கத்தில் குறியுங்கள், மறுநாள், அப்படிப் புகைத்த நாளுக்கு முன்பு இருந்த எண்ணிக்கையிலிருந்தே தொடருங்கள். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. உண்டியலை உடைத்து அந்தக் காசை ஈடுசெய்யவும் வேண்டாம். நான் ஆறாம் வாரத்தில் ஒரு செத்த வீட்டில் இப்படித்தான் விழுந்தேன். விடிய விடிய விழித்திருந்து, வெளியே கதிரைகளில் இருந்தவர்களோடு சேர்ந்து எத்தனை புகைத்தேன் என்று எண்ணவே முடியவில்லை. கொப்பியில் அந்தத் தேதிக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், மறுநாள் இரண்டு என்று எழுதியிருக்கிறேன்.